டைட்டில் திரை வந்துவிட்டது, அப்புறம்?

"எமுலேட்டரில் ஓடுதுல்ல, அப்புறம் என்ன?" பழைய கன்சோல் விளையாட்டுகளை மாட் செய்கிறவர்களிடம் இந்தக் கேள்வி இப்போது ஒரு வாதமாகவே நிலைத்துவிட்டது. டிஸ்க் இமேஜைப் பிரி, வேண்டிய கோப்பை மாற்று, மறுபடி கட்டு, ஓட்டிப் பார். டைட்டில் திரை வந்தால் வெளியிடு. வராவிட்டால் எமுலேட்டரின் செட்டிங்கை நோண்டு. சிடியில் எரித்து அசல் கருவியில் போடப்போவது யார் என்பதுதான் இதற்குச் சொல்லும் சமாதானம்.

சமாதானத்தில் பாதி உண்மை. எரிப்பவர் குறைவு, எமுலேட்டர்கள் தேறிவிட்டன, ஒரு நாளில் இருபது முறை கட்டிப் பார்க்கலாம். கேம்கியூப் பக்கம் இந்த வழி பெரும்பாலும் பலிக்கவும் செய்கிறது. அந்த டிஸ்கில் கோப்புகளின் பெயர், இடம், அளவு மூன்றும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. விளையாட்டும் பொதுவாக அந்த அட்டவணையைப் பார்த்துத்தான் கோப்பைத் திறக்கிறது. டால்ஃபின் எமுலேட்டரோ பிரித்த கோப்புறையை அப்படியே ஓட்டும். ஓடும்போதே கோப்புகளை மாற்றித் தரும் ரிவொலூஷன் பேட்ச்களையும் 2021 முதல் தானே ஏற்றுக்கொள்கிறது. அங்கே மறுகட்டே தேவைப்படுவதில்லை.

முதல் பிளேஸ்டேஷனில் இந்தப் பருப்பு வேகாது.

சிடி மெதுவான சாதனம். ஒவ்வொரு கோப்புக்கும் டைரக்டரியைத் துழாவிக்கொண்டிருந்தால் லென்ஸ் அலைந்துகொண்டே இருக்கும். அதனால் பல விளையாட்டுகளில் "இத்தனையாவது செக்டரிலிருந்து படி" என்று எண்ணையே எழுதிவைத்துவிட்டார்கள். 2000இல் ஸ்கொயர் நிறுவனம் வெளியிட்ட வேக்ரன்ட் ஸ்டோரியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் நிலவறைகள் மண்டலங்களாகப் பிரிந்தவை. ஒவ்வொரு மண்டலக் கோப்புக்குள்ளும் அதன் அறைகளுக்கான கோப்புகளின் பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் பெயர் கிடையாது. தொடக்க செக்டரும் அளவும் மட்டுமே.

இப்போது ஒரு மொழிபெயர்ப்பாளர் சரியாக 2048 பைட் இருந்த கோப்பில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பு 2049 பைட் ஆகிறது. ஒரு செக்டரின் 2048 பைட்டில் அடங்கியது இரண்டு செக்டராகிறது. அதற்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கோப்புகள் எல்லாம் ஒவ்வொரு செக்டர் தள்ளிப் போகின்றன. மறுகட்டும் கருவி டைரக்டரியை ஒழுங்காகத் திருத்திவிடும். மண்டலக் கோப்புக்குள் கிடக்கும் எண்களைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? விளையாட்டு பழைய எண்ணுக்கே போகிறது. அங்கே இருப்பது முந்தைய கோப்பின் வால். டைட்டில் திரை வரும், தொடக்கக் காட்சியும் வரலாம். எங்கோ ஒரு கதவைத் திறக்கும்போதுதான் திரை கறுக்கும்.

1998இல் வந்த ஸெனோகியர்ஸ் இன்னும் அழுத்தம். அதன் டைரக்டரியில் தலைகாட்டுவது விரல்விட்டு எண்ணக்கூடிய கோப்புகள். மீதியெல்லாம் விளையாட்டின் சொந்த அட்டவணைக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. கண்ணில் பட்டதை மட்டும் எடுத்துக் கட்டினால் வீட்டை விட்டுவிட்டு வாசற்படியை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்த கதைதான்.

இவை யாருக்கும் தெரியாத ரகசியங்களும் அல்ல. கோளாறு வந்தபின் அதைத் தேடும் முறையில்தான் பெரிய ஓட்டை இருக்கிறது. மாட் செய்து கட்டிய இமேஜில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக நடந்திருக்கின்றன: ஒன்று செய்தவர் வேண்டுமென்றே செய்தது, மற்றது மறுகட்டே சத்தமில்லாமல் செய்தது. திரை கறுத்தால் குற்றவாளி இரண்டில் எது? இதைப் பிரித்தறிய ஒரே வழி, எதையும் தொடாமல் பிரித்து, தொடாமலே திரும்பக் கட்டி, அசலோடு ஒப்பிடுவது. இந்த வெறும் கட்டே தடுமாறினால் கோளாறு மறுகட்டில் இருக்கிறது. இது ஓடி, மாட் செய்த கட்டு ஓடாவிட்டால், கோப்பின் உள்ளடக்கத்தையோ அதன் பருமனையோ மட்டும் பார்த்தால் போதும். பத்து நிமிட வேலை. இதைச் செய்தவர் எத்தனை பேர் என்று கேட்டால் தலைகள் குனியும்.

அதற்குப் பதிலாக என்ன நடக்கிறது? ரெண்டரரை மாற்று, பயாஸை மாற்று, வேகமாகப் படிக்கும் வசதியை அணை, போன வருடத்துப் பதிப்பைப் போட்டுப் பார். செக்டர் எண் தவறிய விளையாட்டை எந்த ரெண்டரர் காப்பாற்றும்? தலைவலிக்குக் காலில் தைலம் தடவுவதற்குப் பெயர் சோதனையா?

சேவ் ஸ்டேட் வைத்துச் சோதிக்கும் பழக்கம் அதைவிட மோசம். முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். சேவ் ஸ்டேட் அதை அப்படியே உறையவைக்கிறது. நிரலும் உறைகிறது, முன்பே ஏற்றிவைத்த செக்டர் பட்டியலும் உறைகிறது. பழைய இமேஜில் எடுத்த ஸ்டேட்டைப் புது இமேஜில் ஏற்றுவது, பழைய முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு இடம் மாறிய வீட்டைத் தேடுவது மாதிரி. சரியாகக் கட்டிய இமேஜ்கூட அங்கே தடுமாறும். மாட் செய்தவர் பயந்துபோய், சரியாக இருந்த திருத்தத்தையே அழித்துவிடுவார். மெமரி கார்டு சேவிலிருந்து தொடங்கினால் இந்தக் குழப்பம் வராது. ஆனால் அதற்கு அந்தக் கதவுவரை நடக்க வேண்டுமே!

எதிர்த்தரப்புக்கு ஒரு பதில் உண்டு. ஒரு பைட்டும் பிசகாமல் திரும்பக் கட்ட எல்லாக் கருவியாலும் முடியாது. தேதிகள் மாறும், நிரப்பு பைட்டுகள் மாறும், அசலின் செக்சம் எப்படிப் பொருந்தும் என்கிறார்கள். சரிதான். செக்சம் பொருந்த வேண்டும் என்று யார் கேட்டது? அசலில் ஒவ்வொரு கோப்பும் தொடங்கும் செக்டர், வெறும் கட்டில் தொடங்கும் செக்டர்: இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் வித்தியாசம் எந்த வரியில் என்று தெரிந்துவிடும். எம்கேபிஎஸ்எக்ஸ்ஐஎஸ்ஓ போன்ற கருவிகள் கோப்பு வரிசையை எக்ஸ்எம்எல்லில் வைத்துக்கொள்வதும் இதற்குக் கைகொடுக்கும். செக்டரின் 2352 பைட்டில் 2048ஐ மட்டும் பிடுங்கிக்கொண்டு ஒலியையும் காட்சியையும் தொலைக்கும் பழைய கோளாறு மட்டும் இந்தப் பட்டியலில் தெரியாது; அதற்குச் செக்டர்களையே ஒப்பிட வேண்டும்.

இடம் தெரிந்தபின் மருந்து எளிது. மொழிபெயர்ப்பைக் கோப்பின் பழைய செக்டர் எண்ணிக்கைக்குள் அடக்கலாம். அடங்காவிட்டால் பெருத்த கோப்பை இமேஜின் கடைசியில் வைத்து, அதைச் சுட்டும் செக்டர் எண்ணையும் அளவையும் மட்டும் திருத்தலாம்; மற்ற கோப்புகள் நகராது.

இதையெல்லாம் தவிர்த்துவிட்டு வெளியாகும் மாட்களுடன் வரும் குறிப்பில் ஒரு வரி அடிக்கடி தென்படுகிறது: குறிப்பிட்ட இடத்தில் உறைந்தால் வேறு எமுலேட்டரில் முயன்று பாருங்கள். பல மணி நேரம் ஆடி அந்தக் கதவுவரை வந்தவர் தன் மெமரி கார்டு கோப்பை இன்னோர் எமுலேட்டருக்கு நகலெடுத்து, மறுபடி அதே கதவைத் திறக்கிறார். இமேஜ் அதேதான். முந்தைய கோப்பின் அதே வால்தான் அங்கேயும் வந்து விழுகிறது.