தெரிந்தவர்களின் வட்டம்

குழு ஆலோசனையைக் கற்க நம் சமூகப்பணி, உளவியல் மாணவர்கள் எடுக்கும் நூல்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. இர்வின் யாலோமின் நூல் 1970-ல் வந்தது, ஜெரால்டு கோரியுடையது 1981-ல். இரண்டும் படிக்க வேண்டியவைதான். ஆனால் அவை காட்டும் வட்டத்தில் பெரும்பாலும் முன்பின் அறியாதவர்களே உட்காருகிறார்கள். கூட்டம் முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்தில் அப்படி எட்டுப் பேரைச் சேர்க்க முடியுமா? ஒருவர் தறிக்காரர் என்றால் அடுத்தவர் அவருக்கு முன்பணம் கொடுத்த முதலாளியின் பங்காளியாக இருப்பார், மூன்றாமவர் சம்பந்தி. விடியற்காலையில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது அக்கம்பக்கத்துக் கைகள் சேர்கின்றன. அக்கம்பக்கத்துச் செய்திகளும் அங்கேயே சேர்கின்றன.

இதனால் இந்த முறையே நமக்கு ஆகாது என்று சொல்ல மாட்டேன். 1905-ல் பாஸ்டனில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர் ஏழைக் காசநோயாளிகளை வாரந்தோறும் ஒன்றாக உட்காரவைத்தபோது, மருந்து தராத தெம்பு அவர்களுக்குக் கிடைத்தது. 'எனக்கு மட்டுமா இப்படி?' என்ற கேள்விக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரே பதிலாகிவிடுகிறார். தனி ஆலோசகர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைத் தர முடியாது. சென்னையில் 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிநோய்ச் சிகிச்சையை மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கு முகாம்களாகக் கொண்டுபோனது. ஒரே வட்டாரத்துக் குடிநோயாளிகள் ஒரே இடத்தில் தங்கிக் குழுவாகப் பேசினார்கள், குடும்பத்தினரும் சேர்க்கப்பட்டார்கள். அங்கே தெரிந்தவர்களாக இருந்தது தடையாகவில்லை. ஊர் திரும்பிய பிறகு ஒருவரையொருவர் கண்காணிக்க உதவவே செய்தது.

அது குடிக்குப் பொருந்தியதற்கு ஒரு காரணம் உண்டு: குடிப்பவரின் கதை ஊருக்கு ஏற்கெனவே தெரியும். குழுவில் அவர் இழக்கப் புதிதாக ஒன்றுமில்லை. முதலாளியிடம் அடைக்க முடியாமல் கிடக்கும் முன்பணம், படுக்கையறைத் துன்பம், வீட்டில் ஒருவருக்கு வந்த மனநோய் என்பவை அப்படியல்ல. பெண் பார்க்க வரவேண்டியவர்கள் வராமல் போக ஒரு சொல் போதும். முதல் கூட்டத்தில் ரகசியம் காக்கும் உறுதிமொழி வாங்கிவிட்டால் சரியாகிவிடும் என்று பாடநூல் பழக்கத்தில் சொல்கிறோம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியம் காக்கும் கடமையைச் சிகிச்சை தருபவர்மேல்தான் சுமத்துகிறது. பக்கத்து நாற்காலிக்காரரை அது கட்டுப்படுத்தாது. உறுதிமொழியை மீறியவரை ஆலோசகர் என்ன செய்துவிட முடியும்?

மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தயாராக இருக்கின்றனவே, அவற்றையே ஆலோசனைக் குழுவாக்கலாம் என்பது அடிக்கடி கேட்கும் யோசனை. எனக்கு இதில் உடன்பாடில்லை. தவணை கட்டத் தவறியவரைக் கேள்வி கேட்கும் அதே வாய்கள், அவர் அழும்போது ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். கடன் அங்கே ஐந்தாறு பேருக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

பயிற்சியில் உள்ள ஓட்டை இன்னும் பெரியது. குழு நடத்தப்போகிறவர் தேர்ந்தவர்கள் நடத்துவதைக் கவனிக்க வேண்டும், தன் முதல் குழுவை மேற்பார்வையில் நடத்த வேண்டும், தானும் ஒரு குழுவில் உறுப்பினராக இருந்து பார்க்க வேண்டும் என்று யாலோம் வலியுறுத்துகிறார். இங்கே பல வகுப்பறைகளில் இது நாடகமாகச் சுருங்கிவிடுகிறது: ஒரு மாணவி குடிகாரரின் மனைவியாக நடிப்பார், மற்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டுவார்கள், மதிப்பெண் விழும். உண்மையான குழுவில் யாரும் வாய் திறக்காத அந்த முதல் பத்து நிமிடத்தை அவர்கள் சந்தித்திருக்கவே மாட்டார்கள்.

காஞ்சிபுரத்தில் தொடங்குவதென்றால் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனையில் தொடங்கலாம். அங்கே பல ஊர்க்காரர்கள் சிகிச்சைக்கு வருகிறார்கள்; நோய் பொது, உறவு இல்லை. பிள்ளையார்பாளையத்துக்குத் தனி ஆலோசனை முதலில் போகட்டும். அங்கே கடனையும் மனநோயையும் பேச விரும்புபவர்களை, அவர்கள் சம்மதித்தால், வேறு தெருக்காரர்களோடு, ஊருக்கு வெளியே ஓரிடத்தில் உட்காரவைக்கலாம்.