திருமுறை ஒலிப்பதிவும் தெரிவளவையும்

யாவரும் தடையின்றிப் படியெடுத்துப் பயன்கொள்ளுமாறு உரிமை விடுக்கப்பட்ட ஒலிப்பதிவுகள் இணையக் களஞ்சியங்களிற் பெருகி வருகின்றன. 2004-ஆம் ஆண்டில் தோன்றிய விக்கிமீடியா பொதுவகம் அக்களஞ்சியங்களுள் ஒன்று. அத்தகைய பதிவுகளுட் சிறந்தனவற்றைத் தெரிந்து முன்னிறுத்தும் வழக்கம் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருகாலத்து நடைபெற்றுப் பின் நின்றது. ஒலித்தெளிவு, உரிமைத்தூய்மை, பதிவு பற்றிய விளக்கம், கற்போர்க்குப் பயன் என்பன ஆண்டுக் கொண்ட அளவைகள். இவை நல்லனவே. எனினும், திருமுறைப் பதிவுகளை இவற்றால் மட்டும் நிறுப்பின் முதல் எது, சார்பு எது என்னும் முறை பிறழ்ந்துவிடும்.

திருநெல்வேலிப் பதிகத்தையே எடுத்துக்கொள்க. ஆளுடைய பிள்ளையார் அருளிய அப்பதிகம் மூன்றாந் திருமுறையிற் சாதாரிப் பண்ணில் அமைந்தது. இக்காலத்து ஓதுவார்கள் அப்பண்ணைப் பந்துவராளியிற் பாடுவர். ஒலிப்பதிவுக் கூடத்தில் இரைச்சல் சிறிதுமின்றி எடுத்த ஒரு பதிவில், பாடுவோர் றகரத்தை ரகரமாக்கிச் சொல்லை இடைமுறித்துத் தமக்கியைந்த வேறோர் இராகத்திற் பாடினர் என்க. மற்றொன்று, நெல்லையப்பர் திருக்கோயில் மண்டபத்து மணியோசையும் அடியார் பேச்சும் கலந்தது. ஆனால் எழுத்தும் பண்ணும் வழுவாதது. முன்னதற்கே பரிசளிக்கும் அளவை செவிக்கு இன்பந் தேடுவதேயன்றித் திருமுறைக்கு அரணாகாது. உ. வே. சாமிநாதையர் திருநெல்வேலியில் ஏடு தேடியபோது ஓலையின் அழகையா நோக்கினார்? பாடத்தையன்றோ நோக்கினார்!

வாக்கு நான்கனுள் கருவியிற் பதியத்தக்கது வைகரி ஒன்றே. ஆதலின் பதிவின் சிறப்பை முதற்கண் எழுத்தொலியின் திருத்தத்திற் காணவேண்டும். தென்பாண்டி வழக்கில் ழகரம் ளகரமாய் மயங்குதல் யாவரும் அறிந்தது. பொருநைக் கரையிற் பதிவு செய்வோர் இதிற் கண்ணுங் கருத்துமாதல் வேண்டும். குரல் கோயிலில் எழுந்ததுபோலத் தோன்றுதற்பொருட்டுக் கூடத்திலே செயற்கை எதிரொலி கூட்டும் வழக்கம் இதனினும் தீது. கன்மண்டபத்து இயல்பான எதிரொலி இடத்தின் சான்றாகும். செயற்கை எதிரொலியோ மெய்யெழுத்துக்களை விழுங்கும் வெறும் ஒப்பனை.

நிறைவும் ஓர் அளவையாம். முதற்பாட்டும் திருக்கடைக்காப்பும் பாடிப் 'பதிகம்' எனப் பெயரிடுதல் பலரிடத்துங் காணப்படுகின்றது. இராவணனைக் குறித்த பாட்டும், மாலயன் காணாமை கூறும் பாட்டும், புறச்சமயங் கடியும் பாட்டும் விடுபட்டால், அது சிலபாட்டேயன்றிப் பதிகமன்று. விளக்கத்தில் ஓதுவார் பெயர், கற்ற பரம்பரை, பண், பாடிய இராகம், சுத்தாங்கமோ பண்ணாங்கமோ என்பது, பின்பற்றிய பதிப்பு, இடம், நாள் ஆகியன வேண்டும். குற்றாலத்துக்குக் குறிஞ்சிப் பண்ணில் ஒரு பதிகமும், குறும்பலாவுக்குக் காந்தாரப் பண்ணில் மற்றொரு பதிகமும் உள்ளன. 'குற்றாலத் தேவாரம்' என்று மட்டும் எழுதியது எதனைக் குறிக்கும்?

இனி உரிமை. படைப்பாக்கப் பொதுமங்கள் 2002 முதல் வெளியிட்ட உரிமங்களுள், மேற்கூறிய பொதுவகம் ஏற்பன மாற்றவும் விற்கவும் இசைவளிப்பன. திருப்பதிகத்தை ஒருவன் பறையொலி கூட்டிச் சிதைத்தால் என்செய்வது என்று அன்பர் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் தக்கதே. ஆயினும் அவ்வுரிமங்கள் மூலத்தாரைச் சுட்டவும் மாற்றத்தைக் குறிக்கவும் கட்டாயப்படுத்துகின்றன. சுருக்கத்தால் ஒலி இழக்காத 'பிளாக்' கோப்பாக மூலப்பதிவைக் காத்துவைப்பின், சிதைந்தது எது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். பூட்டிவைத்த பதிவுக்கு இக்காவல் இல்லை. பேழை அழிந்தால் அதுவும் அழியும்.

மேலும், பதிகம் எவர்க்கும் தனியுடைமையன்று. பாடிய குரலும் பதிந்த செயலும் உடைமையாம். கேட்கத் தருதல் வேறு, எழுத்தில் உரிமை விடுத்தல் வேறு. ஓதுவாரின் இசைவின்றி ஏற்றிய பதிவு எத்துணை இனிதாயினும் தெரிவுக்குரியதன்று. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு நிற்கும். அக்காலங் கடந்த பழைய ஒலித்தட்டுக்களைத் தட்டெண்ணும் வெளியீட்டார் பெயரும் குறித்துத் தொகுப்போர், கீறலோசை கருதி எதனையுந் தள்ளற்க.