சுழலும் நீரும் முறுக்குக் கயிறும்

கலை நம் காலத்து இயந்திரங்களுக்கு மனித முகம் தருமா? இந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் எடுக்கவில்லை. தோப்பும்படியில் பஸ் ஏறி ஃபோர்ட் கொச்சியில் இறங்கியபோது எடுத்தேன். 2014 டிசம்பரில் கொச்சி முசிறிஸ் பினாலேயின் இரண்டாம் பதிப்பு தொடங்கியிருந்தது. ஆஸ்பின்வால் மாளிகையில் அனிஷ் கபூரின் 'டிசென்ஷன்': தரையில் பெரிய வட்டக் குழி, அதற்குள் கருத்த நீர் ஓயாமல் சுழன்று நடுவில் பள்ளமாகிறது. பக்கத்தில் கடல். கூட்டம் வாயடைத்து நின்றது. நானும்தான். ஆனால் நீரைச் சுழற்றும் மோட்டார் யார் கண்ணுக்கும் படவில்லை. அழகு அங்கே இயந்திரத்துக்குத் திரை போட்டது. மனித முகம் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கொழும்பில் 1877-இல் பிறந்த நம் ஆனந்த குமாரசுவாமி இதற்கு ஓர் உரைகல் வைத்திருந்தார். கைத்தறி கருவி, நெய்பவரின் விரலுக்குத் துணை. விசைத்தறி இயந்திரம், வேலையில் மனிதருக்குரிய பங்கையே அது பறித்துக்கொள்கிறது. வெறும் பேச்சில்லை. 1908-இல் வந்த தம் பெரிய நூலை, வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கையச்சிலேயே அச்சிட வைத்தவர் அவர்.

அந்த உரைகல்லில் நம்மூர்ச் சீனவலை பத்தரை மாற்றுத் தங்கம். கயிற்றில் கற்கள் எடைக்கு எடை தொங்குகின்றன. ஓர் ஆள் நடுமரத்தில் நடந்தால் போதும், வலை இறங்கிவிடும். எல்லாம் வெட்டவெளிச்சம், ஒளிவு மறைவே இல்லை.

ஆனால் வெளி என்னும் இடத்தில் உள்ள தோபி கானாவில் அந்த உரைகல் எனக்குக் கைகொடுக்கவில்லை. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து துணி வெளுக்க வந்தவர்களின் வழிவந்தோர் அங்கே உழைக்கிறார்கள். கிளிப் இல்லை, முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் துணியின் முனையைச் செருகிக் காயப்போடுகிறார்கள். வெள்ளைத் துணிகள் வரிசையாக ஆடும் அழகைப் படமெடுக்க வெளிநாட்டார் வருகிறார்கள். நானும் "என்ன அழகு!" என்றேன். துணி பிழிந்துகொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"படத்துல அழகாத்தான் இருக்கும் சார். இடுப்பு வலி படத்துல விழாது. துவைக்கிறதுக்கு மிஷின் குடுத்தா வேணாம்னா சொல்லப் போறோம்? காயப்போடறது மட்டும் இந்தக் கயித்துலதான். அது எங்க கை."

குமாரசுவாமி விட்டுவிட்ட இடம் இதுதான் என்று நினைக்கிறேன். எது மனிதருக்குரிய பங்கு என்று அவர் தாமே தீர்ப்புச் சொன்னார், வேலை செய்பவரைக் கேட்கவில்லை. கபூரின் சுழலைப் பார்த்து மயங்கிய நானும் கேட்கவில்லை, தோபி கானாவில் கேமராவைத் தூக்குகிறவர்களும் கேட்பதில்லை. அந்த அக்காவோ எதை மிஷினிடம் விடுவது, எதைக் கையில் வைத்துக்கொள்வது என்று ஒரே மூச்சில் பிரித்துக் காட்டிவிட்டார்.

அடுத்த பினாலேக்கு ஊரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால் தோபி கானாவுக்கும் கூட்டிப் போங்கள். பிள்ளைகளையும்தான். கேமராவைக் கொஞ்ச நேரம் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, முதலில் அவர்களிடம் தமிழில் நாலு வார்த்தை பேசுங்கள்.