வதந்திக்குச் சொன்னவர் யார்?

வதந்தி வடசொல். 'சொல்கிறார்கள்' என்பதே அதன் வேர்ப்பொருள். சொல்பவர் எவர் என்பதை அச்சொல் தன்னுள்ளேயே மறைத்துக் கொள்கிறது. பழந்தமிழோ இவ்வகையில் நுட்பமுடையது. தலைவியின் களவைச் சிலர் தமக்குள் முணுமுணுத்தால் அம்பல். பலரறியப் பேசினால் அலர். முன்னது அரும்பு, பின்னது மலர் என்பர் உரைகாரர். வள்ளுவர் அலருக்கென்றே 115ஆம் அதிகாரத்தை வகுத்தார். எனினும், அலர் தூற்றும் வாய் அவ்வூர் வாயே. தலைவி அதனை அறிவாள்.

இன்று நாம் எழுதுவதோ, "வதந்தி பரவியது" என்று. தீயும் நோயும் போல அது தானே பரவிற்றாம்! பரப்பியவனை வாக்கியமே தப்புவித்து விடுகிறது.

இதற்கு மருந்தும் நம் மொழியிலேயே உண்டு. 'வந்தான்' என்பது கண்டது; 'வந்தானாம்' என்பது கேட்டது. வாய் மாறும்போது அந்த 'ஆம்' எங்கே உதிர்கிறதோ, அங்கேதான் வதந்தி பிறக்கிறது. 2018 மே மாதம், போளூரை அடுத்த அத்திமூரில், கோயிலுக்கு வந்த இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு முதிய பெண்மணி, பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொல்லப்பட்டார். 'வந்திருக்கிறார்களாம்' என்பது 'வந்திருக்கிறார்கள்' ஆனதற்கு விலை ஓர் உயிர்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுவதாக ஒரு புரளி கிளம்பியது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் செல்லும் சாலைப் பகுதியைப் போல, வடமாநிலத்தவர் உழைக்கும் தொழில் வட்டாரங்கள் இங்கே பல. தொடர்பற்ற சம்பவங்களின் காணொளிகளே சான்றாகக் காட்டப்பட்டன. பீகார் அரசு உண்மையறிய அதிகாரிகள் குழுவையே இங்கு அனுப்ப நேர்ந்தது. காணொளிக்கு 'ஆம்' கிடையாது. ஆகவே கேள்விப்பட்டதும் கண்ணால் கண்டதாகி விடுகிறது.

ஹதீஸ் கலை வளர்த்த இஸ்னாத் முறை இதற்கு நேர் எதிரானது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல் என்று ஒன்றைக் கூறினால், யாரிடம் யார் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரை அறிஞர்கள் கேட்டனர். ஒரு கண்ணி அறுந்தாலும் ஐயுற்றனர். தீயவன் கொணரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த வேண்டாமென்றும் திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனம் எச்சரிக்கிறது.

'ஆம்' ஒட்டிவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்பதன்று. அது கேட்பவருக்கு நாம் தரும் எச்சரிக்கை மட்டுமே. "யார் சொன்னது?" என்று அடுத்து எழ வேண்டிய கேள்வி நம் இல்லங்களில் எழட்டும். எழுதுவோரும் இனி "பரவியது" என்பதை விடுத்து, "பரப்பினர்" என்றே எழுதட்டும்.