ஹாஷியாவில் அமர்ந்தவர்கள்
முகலாய ஓவியர் தௌலத்தும் அவருடைய தோழர்களும்

அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்களுக்கு ஹாஷியா என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. பக்கத்தின் நடுவே மத்ன் எனப்படும் மூலம். அதனைத் தழுவி ஷரஹ் எனப்படும் விரிவுரை. எஞ்சிய ஓரங்களில், சிலவேளை சாய்வாகவும் சிலவேளை தலைகீழாகவும், ஹாஷியா எனப்படும் ஓரக்குறிப்பு. பாடம் நடக்கும்போது உஸ்தாதின் விரல் பெரும்பாலும் தங்குவது அந்த ஓரத்தில்தான். ஒரு சொல்லின் முடிச்சு அவிழ்வதும், முன்னவர் ஒருவரின் கருத்தைப் பின்னவர் அடக்கத்தோடு மறுப்பதும் அங்கேதான்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் நூலகத்திலிருந்த பழைய கல்லச்சுக் கிதாபுகள் சில பைண்டிங்கிற்கு அனுப்பப்பட்டன. திரும்பி வந்தபோது அட்டை புதியது, முதுகில் பொன்னெழுத்து. ஆனால் விளிம்புகளைச் சீராக்குவதற்காகத் தாள்களை மூன்று புறமும் வெட்டியிருந்தார்கள். என் உஸ்தாதின் உஸ்தாத் கைப்பட எழுதி வைத்திருந்த குறிப்புகள் பாதிச் சொற்களாக நின்றன. மூலத்திற்கு யாதொரு சேதமும் இல்லை என்று பைண்டர் ஆறுதல் கூறினார். அவர் கூறியது உண்மைதான்.

முகலாயச் சிற்றோவியங்களைப் பற்றிய நூல்களைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பைண்டரின் நினைவு எனக்கு வருகிறது. அக்கலையின் வரலாறும் பெருமளவு ஓரங்களில் எழுதப்பட்ட வரலாறே. அதனை வாசிக்க வந்த நம் காலத்தவரோ நடுவிலுள்ள சித்திரத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டனர். இக்கட்டுரை அவ்வாறு விடுபட்ட ஒருவரைப் பற்றியது. அவர் பெயர் தௌலத். அக்பரின் இறுதி ஆண்டுகளில் தொழிலுக்கு வந்து, ஜஹாங்கீர் காலத்தில் முதிர்ந்து, ஷாஜஹான் ஆட்சியிலும் தூரிகை பிடித்தவர். பட்டங்கள் பெற்ற சமகாலத்தவரோடு ஒப்பிட்டால் பெயர் குறைந்தவர். ஆயினும் தம் தோழர்களின் முகங்களை நமக்கு விட்டுச் சென்றவர் அவரே.

அவருடைய பணியை உணர, அவர் வளர்ந்த கிதாப்கானாவைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். அது நூலகமும் பட்டறையும் ஒன்றாயிருந்த இடம். காகிதத்தை மெருகேற்றுபவர், எழுத்தர், வரைபவர், பொன்பூசுபவர், கட்டமைப்பவர் என அனைவரும் கூடி ஒரு நூலை ஆக்கினார்கள். அக்பர் காலத்தில் துணியின்மீது தீட்டப்பட்ட ஹம்ஸா நாமாவில் ஏறத்தாழ 1400 ஓவியங்கள் இருந்தன. அப்பணி சுமார் 15 ஆண்டுகள் நடந்தது. பாரசீகத்திலிருந்து வந்த மீர் ஸையித் அலீயும் அவருக்குப்பின் அப்துஸ் ஸமதும் அதற்குத் தலைமை தாங்கினர். ஒரு மனிதரின் ஆயுளில் அடங்காத வேலை அது.

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அக்பர் நாமாவின் 116 ஓவியங்களைப் பார்ப்பவர்கள், படத்தின் கீழ் விளிம்பில் சிவப்பு மையில் எழுதப்பட்ட சிறு வரிகளைக் கவனித்திருக்கலாம். ‘தர்ஹ்’ இன்னார், ‘அமல்’ இன்னார் என்று அலுவலக எழுத்தர் பதிந்தவை அவை. தர்ஹ் என்பது கோட்டமைப்பு. அமல் என்பது வண்ணப்பணி. சில படங்களில் முகங்களை வரைந்தவர் என மூன்றாமவர் ஒருவரின் பெயரும் உண்டு. 1561இல் இளைஞர் அக்பர், ஹவாய் என்னும் மதயானைமீதமர்ந்து, யமுனையின் படகுப் பாலம் நொறுங்க மற்றொரு யானையைத் துரத்திய காட்சி அந்நூலில் இரு பக்கங்களாக விரிகிறது. கோடு பஸாவனுடையது, வண்ணம் சேதருடையது. பாலத்துப் படகுகள் சரிவதையும், நீரில் விழுந்தோர் தத்தளிப்பதையும் பார்க்கையில் இருவர் கை என்றே தோன்றாது. எல்லாப் பக்கங்களும் இவ்வாறு அமையவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கூட்டப்பணியின் குறை சில படங்களில் பளிச்செனத் தெரிகிறது: உடல் ஒரு திசையில் ஓடும்; முகம் அவ்வோட்டத்தை அறியாதது போல அமைதியாக நிற்கும்.

இந்தப் பட்டறையில் இரத்த உறவும் ஒரு ஸனதாக இருந்தது. மீர் ஸையித் அலீ, ஓவியர் மீர் முஸவ்விரின் மகன். பஸாவனின் மகன் மனோஹர், சிறுவனாகவே கிதாப்கானாவிற்குள் வந்தவர். ஃபதேபூர் சிக்ரியில் 1580களின் தொடக்கத்தில் முஹம்மது ஹுஸைன் கஷ்மீரி என்னும் ‘ஜர்ரீன் கலம்’ எழுதி முடித்த ஸஅதீயின் குலிஸ்தான் பிரதியொன்று உண்டு. அதன் இறுதிப் பக்கத்தில் முதிய எழுத்தரும், எதிரே பால்முகம் மாறாத ஒரு சிறுவனும் அமர்ந்திருக்கிறார்கள். அச்சிறுவன் மனோஹர், வரைந்தவரும் அவரே. நூல் முடிந்த இடத்தில் நூலை ஆக்கியவர்கள் உட்கார்ந்து கொள்ளலாம் என்ற அனுமதியை அந்தப் பக்கத்தில்தான் காண்கிறோம்.

தௌலத் அவ்வனுமதியை ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப்பின் எடுத்துக்கொண்டார். அக்பருக்காக 1595இல் உருவாகி இன்று பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள நிஜாமீயின் கம்ஸாவை எழுதியவர் ‘அன்பரீன் கலம்’ எனப் பட்டம் பெற்ற அப்துர் ரஹீம். அந்நூலின் முடிவுரைப் பக்கத்தில் ஜஹாங்கீரின் ஆணையால் தௌலத் ஓர் ஓவியத்தைச் சேர்த்தார். அதில் அப்துர் ரஹீம் எழுதிக்கொண்டிருக்கிறார். எதிரே தௌலத் அவரை வரைந்துகொண்டிருக்கிறார். மனோஹரின் பக்கத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கே சிறுவன் தன் பெரியாரின் முன் அமர்ந்திருக்கிறான். இங்கே இரு தொழிலாளர் சமமாக அமர்ந்து, ஒருவர் மற்றவரின் வேலைக்கு இடையூறின்றித் தம் வேலையைச் செய்கின்றனர். எழுத்தருக்குத் தாம் வரையப்படுகிறோம் என்ற உணர்வே இல்லை. அரசவைப் படங்களில் எங்கும் காணப்படும் ‘பார்க்கப்படுகிறோம்’ என்னும் விறைப்பு இதில் அறவே கிடையாது.

இதற்கும் மேலானது, இன்று பெரும்பகுதி தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனை நூலகத்திலுள்ள முரக்கஃ குல்ஷன். ஜஹாங்கீர் இளவரசராயிருந்தபோதே தொகுக்கத் தொடங்கிய ஏடு அது. எழுத்துக்கலைப் பக்கம் ஒன்று, ஓவியப் பக்கம் ஒன்று என மாறிமாறி அமைந்த தொகுப்பு. பெரும்பாலும் ஓவியப் பக்கங்களின் ஓரங்களைச் செடிகொடிகளும் பறவைகளும், எழுத்துப் பக்கங்களின் ஓரங்களை மனித உருவங்களும் நிரப்புகின்றன. அத்தகைய ஓரமொன்றில், 1610ஐ ஒட்டி, தௌலத் நான்கு சக ஓவியர்களையும் தம்மையும் வரைந்தார். நால்வர் யார் யார் என்று பார்ப்பது பயனுடையது. ஹெராத்திலிருந்து வந்த ஆகா ரிஜாவின் மகன் அபுல் ஹசன். பஸாவனின் மகன் மனோஹர். பவானீதாஸின் மகன் கோவர்தன். நன்ஹாவின் உறவினர் பிஷன்தாஸ். நால்வருமே ஓவியக் குடும்பங்களின் பிள்ளைகள். தௌலத்தின் தந்தை பெயரோ நம் கையில் இல்லை. தந்தை வழியில் பெறாத ஸனதை அவர் தோழமை வழியில் பெற்றார் போலும் என்று எண்ணத் தோன்றுகிறது. இது என் ஊகமே. நால்வரில் மூவர் இந்துக்கள் என்பதை அவர் காலத்து எவரும் குறிப்பிடத்தக்க செய்தியாகக் கருதியிருக்க மாட்டார்கள். நாம்தான் அதனை எண்ணிப் பார்க்கும் காலத்தில் வாழ்கிறோம்.

அபுல் ஹசனை இங்கே சிறிது நிறுத்திப் பார்க்க வேண்டும். 1600இல், தம் 13ஆம் வயதில், ஜெர்மானிய ஓவியர் ட்யூரரின் செதுக்கோவியத்திலிருந்து யோவானின் உருவத்தை மட்டும் எடுத்து வரைந்து, ‘ரிஜாவின் மகன்’ என்று தம்மைக் குறித்தவர் அவர். 1618இல் ஜஹாங்கீர் அவருக்கு ‘நாதிருஸ் ஜமான்’ என்று பட்டமளித்தார். தம் நினைவேட்டில், தந்தையின் வேலைக்கும் மகனின் வேலைக்கும் ஒப்பீடே இல்லை என்னும் பொருளில் எழுதியும் வைத்தார். அக்காலத்தில் அபுல் ஹசன் தீட்டிய புகழ்பெற்ற படமொன்று டப்ளின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. மலிக் அம்பரின் வெட்டுண்ட தலையின்மீது ஜஹாங்கீர் அம்பெய்கிறார். கைத்திறனில் குறை காண்பதற்கில்லை. ஆனால் தக்காணத்தைக் காத்த அந்த ஹபஷி வீரரை ஜஹாங்கீரால் கடைசிவரை வெல்ல இயலவில்லை. மலிக் அம்பர் 1626இல் இயற்கையாகவே மரணித்தார். நடவாததை நடந்ததாக்க ஒரு மாபெரும் தூரிகை கூலிக்கமர்த்தப்பட்டது. பட்டம் தனியொருவர்க்கு வந்தபோது, அவர் அரசரின் கனவுகளுக்குத் தனியே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. தௌலத்தின் ஓரத்தில் அமர்ந்திருக்கும் அபுல் ஹசனை நான் இதனால்தான் கூடுதலாக நேசிக்கிறேன். அங்கே அவர் எவரையும் மகிழ்விக்க வேண்டியதில்லை.

ஜஹாங்கீரின் காலத்தில் கூட்டுப்பணி குறைந்து தனிக்கை ஓங்கியது என்று ஆய்வாளர்கள் எழுதுவது பெரும்பாலும் சரியே. ஆயினும் அவரே தம் ரசனையைப் பற்றிப் பெருமை பேசுமிடத்தில், ஒரே படத்தில் பல முகங்களைப் பலர் வரைந்திருந்தாலும், ஒரு முகத்திற்குக் கண்ணும் புருவமும் மட்டும் இன்னொருவர் தீட்டியிருந்தாலும், யார் எதனைச் செய்தார் எனத் தம்மால் சொல்ல முடியும் என்கிறார். கூட்டாக வேலை செய்யும் வழக்கம் இல்லாமலா இப்பெருமைக்கு இடம் வந்திருக்கும்? சினார் மரத்து அணில்களின் படத்தை எடுத்துக்கொள்வோம். பொன்பின்னணியில் பழுத்த இலைகளும், மரமேற முயலும் வேடனும், கிளையெங்கும் அணில்களும் உள்ள அப்படத்தின் பின்புறக் குறிப்பைக் கொண்டு, அபுல் ஹசனும் விலங்கோவியத்தில் நிகரற்ற மன்சூரும் சேர்ந்து செய்தது என்று சிலர் கருதுகின்றனர். வேறு சிலர் ஒருவர் கையே என வாதிடுகின்றனர். எனக்கு இவ்வாதத்தின் முடிவைவிட அதன் வேகம் வியப்பளிக்கிறது. ஒரு பெயர் கிடைக்காமல் நம்மால் ஒரு படத்தைப் பார்க்கவே முடியாதா?

மாணவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வியையும் தவிர்க்க இயலாது. உயிருள்ளவற்றை உருவமாக்குவோர் பற்றி ஸஹீஹுல் புகாரீயில் கடும் எச்சரிக்கைகள் உள்ளன. உருவம் வரைந்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு கூறிய செய்தியும் அறியப்பட்டதே. இமாம் நவவீ (ரஹ்) இதில் கண்டிப்பானவர்; மாலிகீ அறிஞர்களில் சிலர் நிழலற்ற உருவத்திற்குச் சிறிது தளர்வு தந்தனர். ஓவியன் ஓர் உயிரை உறுப்புறுப்பாக வரைந்தும் அதற்கு உயிரூட்ட இயலாதபோது படைத்தவனை நினைக்கிறான் என்று அக்பர் கூறியதாக அபுல் ஃபழ்ல் எழுதுவது அரசவையின் சாதுரியம். அதனை ஃபிக்ஹு என்று நான் ஏற்பதற்கில்லை. நான் இங்கே ஃபத்வா எழுதவும் வரவில்லை. செய்யப்பட்ட ஒன்றை, செய்தவர்களுக்கு நீதி வழுவாமல் வாசிக்க வேண்டும் என்பது வேறொரு கடமை.

அந்நீதி வழங்கப்பட்டதா? ஹம்ஸா நாமாவின் 1400இல் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 200 மட்டுமே. அவற்றுள் சிலவற்றை 1881இல் காஷ்மீரில் ஆங்கிலேயர் ஒருவர் கண்டெடுத்தபோது அவை ஜன்னல் மறைப்புகளாகப் பயன்பட்டுக் கொண்டிருந்தன. அது அறியாமை. கற்றறிந்தோர் செய்தது வேறு: வணிகர்கள் நூல்களைப் பிரித்துத் தாள்தாளாக விற்றனர்; சட்டத்திற்குப் பொருந்தும்படி விளிம்புகளை வெட்டினர்; சிவப்பு மை வரிகள் பல அந்த வெட்டில் போயின. பஸாவனின் கோட்டுக்கு வண்ணமிட்ட எத்தனை பேர் அவ்வாறு பெயரிழந்தனர் என்று கணக்கிட வழியில்லை.

தௌலத்தின் ஓரச் சித்திரங்களுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். நான் மூலங்களைக் கண்டவனல்லன். அச்சுப் பிரதிகளையே பார்த்திருக்கிறேன். நான் பார்த்த நூல்களில் அபுல் ஹசனும் கோவர்தனும் மனோஹரும் பிஷன்தாஸும் தனித்தனிச் சதுரங்களாகப் பெரிதாக்கப்பட்டு நிற்கின்றனர். அவர்கள் எந்த எழுத்தைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள், யாருக்கு அருகில் யார் இருந்தார் என்பதை அச்சதுரங்களிலிருந்து அறிய முடியாது. இம்முறை வெட்டப்பட்டது மத்ன்.