மின்சாரம் வராத வீட்டில் தொலைக்காட்சி

சிலாபம் பக்கத்துக் கரையோர மீனவர்களைப் பற்றி மானிடவியல் உலகில் ஒரு கதை உண்டு. வடமேற்குக் கரையின் கத்தோலிக்க மீனவர் நடுவே ஆய்வு செய்த ஆர். எல். ஸ்டிராட் கண்டு சொன்னது அது. அல்ஃபிரட் ஜெல் 1986இல் வெளியான தன் கட்டுரையொன்றில் அதை எடுத்தாண்ட பிறகு பலர் வாய்க்கும் போனது. மீனுக்கு நல்ல விலை கிடைத்துக் கையில் காசு சேர்ந்தவர்கள் டீவி வாங்கினார்கள். ஊரில் மின்சாரம் இல்லை. வீட்டோடு சேர்த்துக் கராஜ் கட்டினார்கள். கார் வரப் பாதை இல்லை. கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள். தண்ணீரை மேலே ஏற்ற வழியில்லை.

கொழும்பில் இருந்து இதைப் படிப்பவருக்குச் சிரிப்பு வரும். ஜெல் சிரிக்கவில்லை. உப்பும் மணலும் மீன்செதிலுமாகக் கழியும் வாழ்வுக்கு முற்றிலும் வேறான, வழவழப்பான, உள்ளே என்ன நடக்கிறதென்று விளங்காத ஒரு பொருள். தன் உடலுழைப்பு இப்படியொன்றாக மாறி நிற்பதை மீனவன் பார்த்து மகிழ்கிறான் என்றார். அந்த டீவியைக் கிட்டத்தட்டக் கலைப்பொருளாகவே மதித்தார். அதே கட்டுரையில் அவர் விரிவாகப் பேசியது மத்திய இந்தியாவின் பஸ்தர் முரியா கோண்டுகளைப் பற்றி. அங்கே பணக்காரன் அயலாரிடமிருந்து வேறுபட்டுத் தெரியப் பயந்து காசைச் செலவழிக்காமல் வைத்திருந்தான். அவனோடு ஒப்பிட்டால் நம் கரையோரத்தான் துணிச்சல்காரன்.

புதிய பொருளின்மேல் உள்ள வேட்கையை வெறும் பகட்டு என்று தள்ளிவிடுவது எளிது. 1899இல் தோர்ஸ்டீன் வெப்லென் அந்த வாதத்துக்கு ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் யாருக்கு எத்தனை கிலோ பட்டது, யார் யாரிடம் எவ்வளவு கடன் என்பது ஒரு மணி நேரத்தில் ஊருக்கே தெரிந்துவிடும் ஒரு கரையில் பகட்டுக் காட்டி யாரை ஏமாற்ற முடியும்? இன்னொன்றும் உண்டு. அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்து வருடத்துக்கு ஒருமுறை தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும் தங்கச் சங்கிலியைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை. அதற்கும் மின்சாரத் தேவை இல்லைதான். ‘பயன்’ என்று பார்த்தால் டீவியைவிட அது எவ்விதத்தில் மேல்? மீனவன் டீவி வாங்கினால் மட்டும் சிரிப்பு வருவதற்குக் காரணம், அது அவனுக்குரியதல்ல என்று நாம் முன்கூட்டியே தீர்மானித்திருப்பதுதான்.

ஜெல் சொல்லாத ஒன்றையும் சேர்க்க வேண்டும். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பத் தொடங்கிய நாடு இது. கார் பற்றரியில் கறுப்பு வெள்ளைப் படம் ஓடிய வீடுகளை நடுத்தர வயதினர் எவரும் நினைவுகூர்வர். மின்கம்பி வருமுன் டீவி வாங்கியவன், ஊருக்கு வெளிச்சம் வரும் என்று பந்தயம் கட்டியவன். வென்றும் விட்டான். 2011 முதல் இதே மாவட்டத்து நுரைச்சோலை அனல்மின் நிலையம் முழு நாட்டுக்கும் மின்சாரம் அனுப்புகிறது.

இந்த வேட்கை வீட்டு முன்னறையோடு நிற்கவில்லை, கடலுக்கும் போனது. பருத்தி, சணல் வலைக்குப் பதிலாக நைலோன் வலை, பாய்க்குப் பதிலாக வெளியிணைப்பு இயந்திரம், மரத்துக்குப் பதிலாகப் பைபர் படகு, பிறகு ஜீபீஎஸ். இவை இல்லாமல் உடப்பிலோ கந்தக்குளியிலோ இன்று தொழிலைக் கற்பனை செய்ய முடியாது. புதுமையை நம்பி முதலில் காசை இறைத்தவர்களே மற்றவர்களுக்கும் வழி திறந்தார்கள். இது சிறிய நன்மையல்ல.

ஆனால் அதே இயந்திரத்தில்தான் இந்த வேட்கையின் கோளாறும் தெரிகிறது. பக்கத்துப் படகு 15 குதிரைவலு போட்டால் அதைவிட முந்திக் கரைக்கு வந்து நல்ல விலை பிடிக்க நான் 25 போடுவேன். அவன் 40க்குப் போவான். எல்லோரும் மாற்றிய பிறகு முந்தியவர் எவருமில்லை, கடலில் மீனும் கூடவில்லை. கூடியது எண்ணெய்ச் செலவு. 2022இல் மண்ணெண்ணெய் முதலில் கிடைக்கவில்லை. ஓகஸ்டில் ஒரே இரவில் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. எரிபொருளில்லாமல் கரையில் கிடந்த பெரிய இயந்திரத்துக்கும் மின்சாரமில்லாத டீவிக்கும் அப்போது வித்தியாசம் அதிகமில்லை. உண்மையில் டீவியே மேல்; அது யாரையும் போட்டிக்கு இழுக்கவில்லை.

கைத்தொலைபேசியில் இந்தக் கணக்கு இன்னும் தெளிவாகும். 1997க்கும் 2001க்கும் இடையில் வட கேரளக் கரையில் கைத்தொலைபேசி பரவியபோது நடந்ததை ரொபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007இல் வெளியிட்டார். படகிலிருந்தே எந்தத் துறையில் விலை நல்லது என்று கேட்க முடிந்ததால், வாங்க ஆளின்றி மீனைக் கொட்டும் நிலை மறைந்தது. மீனவர் இலாபம் சராசரி 8 வீதம் உயர்ந்தது, வாங்குபவருக்கும் விலை 4 வீதம் இறங்கியது. புதுப் பொருளுக்கு இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. ஆனால் அதைச் செய்தது பேச மட்டும் தெரிந்த சாதாரணப் போன். வேலை செய்யும் போனை மாற்றி இந்த வருட மொடலை வாங்குவதால் ஒரு கிலோ பாரைக்கு ஐந்து ரூபாய்கூட அதிகம் கிடைக்காது. இல்லாதவன் முதலில் ஒன்று வாங்கும்போது கிடைக்கும் நன்மையை, இருப்பவன் மாற்றும்போதும் கிடைக்குமென்று விளம்பரம் நம்ப வைக்கிறது. நாமும் விருப்பத்தோடே நம்புகிறோம்.

பழைய டீவி பல வருடங்கள் முன்னறையில் தன் மதிப்போடு இருந்தது. இன்றைய போன் அடுத்த மொடல் வந்த அன்றே பழசு. அதோடு, அந்த டீவி ஏற்கனவே பிடித்து விற்ற மீனின் காசு. இன்றைய போனும் மோட்டார் சைக்கிளும் பெரும்பாலும் தவணையிலோ லீசிங்கிலோ, அதாவது இனிமேல் பிடிக்கப்போகும் மீனில் வாங்கப்படுகின்றன. இந்தக் கரையில் அது ஆபத்தான கணக்கு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் குமுறும். கிழக்குக் கரைக்கு வாடி மாற்றிப் போக முடியாதவனுக்கு வருமானம் அநேகமாக இல்லை. மாதத் தவணைக்கு அந்தப் பருவம் தெரியாது. முன்பு கடன் கொடுத்த முதலாளி மீன் விலையில் அடித்தார், அது உண்மை. ஆனால் படகு இறங்காத மாதங்களில் காத்திருந்தார். மீனவர்களின் ஆசையைக் குறைக்கச் சொல்லிப் புத்திமதி கூறுகிறவர்கள், கடல் திறக்கும் மாதங்களில் மட்டும் தவணை வாங்கும் கடன் திட்டமொன்றை நிதி நிறுவனங்களிடம் ஏன் கேட்பதில்லை?