சூப்பானை முதலில் விட வேண்டியவர்கள்

கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் போகும் காலை நேரக் கொமுட்டர் ரயிலில் ஒரு குழந்தை சிணுங்கத் தொடங்கினாலே போதும், உடனே அதன் வாய்க்குச் சூப்பான் போய்விடும். பசியா, தூக்கமா, சட்டை உறுத்துகிறதா என்று பார்க்க அந்த நெரிசலில் யாருக்கும் நேரமில்லை. பெற்றோரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மலேசியாவில் மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்ததே 2023 ஜனவரியில்தான். அது முடிந்ததும் குழந்தை பாட்டியிடமோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ, தாஸ்கா எனப்படும் குழந்தைகள் காப்பகத்திலோதான் வளர்கிறது.

சூப்பானே கெடுதல் என்பதும் சரியல்ல. சப்புவது பச்சிளம் குழந்தைக்கு இயல்பாகவே அமைதி தரும். தூங்கும்போது சூப்பான் கொடுப்பது திடீர்ச் சாவு அபாயத்தைக் குறைக்கிறது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குச் சூப்பானே கூடாது என்று 1989இல் சொன்ன உலக சுகாதார நிறுவனமும் 2018இல் தளர்ந்து, அதன் அபாயங்களைத் தாய்க்கு எடுத்துச் சொல்லுங்கள் என்ற அளவில் நின்றுகொண்டது. சிக்கல் பிறகுதான் வருகிறது. ஆறு மாதத்துக்கு மேல் காதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒன்றரை வயதைத் தாண்டினால் பல்வரிசையும் தாடையும் மாறத் தொடங்குகின்றன. மூன்று வயதுக்குள் விட்டுவிட வேண்டும் என்பது பல் மருத்துவர்களின் அறிவுரை.

விடவைக்க நம் வீடுகளில் காலங்காலமாக இருப்பது கசப்பு வழி: வேப்பெண்ணெய், பாகற்காய்ச் சாறு, சில இடங்களில் மிளகாய். இது வேகமாக வேலை செய்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் மிளகாய் பட்ட விரல் கண்ணுக்குப் போகும். அதைவிடப் பெரிய குறை, ஆறுதலுக்கு நம்பிய பொருள் ஏன் திடீரென்று எரிகிறது என்பதைக் குழந்தைக்கு யாரும் சொல்வதில்லை. தேற்றிக்கொள்ள வேறு வழி இல்லாத பிள்ளை கட்டை விரலை வாயில் வைக்கும். சூப்பானை ஒளித்து வைக்கலாம், விரலை என்ன செய்வது? சூப்பானின் நுனியை வெட்டிக் கொடுக்கும் தந்திரமும் வேண்டாம். பிய்ந்த துண்டு தொண்டையில் அடைக்கும். இதற்கு நேர்மாறாக, அழுகையை அடக்கச் சூப்பானைத் தேனில் தோய்த்துக் கொடுப்பவர்களும் உண்டு. ஒரு வயதுக்குள் தேன் நஞ்சாகலாம். தேன் அடைத்த சூப்பான்களால் டெக்சாஸில் நான்கு குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு, 2018இல் அமெரிக்க அரசே எச்சரிக்கை விடுத்தது.

இன்று பலரும் பரிந்துரைப்பது மென்மையான வழி. முதலில் விளையாட்டு நேரத்தில் சூப்பான் இல்லை, படுக்கையில் மட்டும். அடுத்து பகல் தூக்கத்தில் நிறுத்தி, கடைசியாக இரவிலும் நிறுத்துவது. அந்த இடத்தை முதுகைத் தட்டிக் கொடுப்பதும் தாலாட்டும் பிடித்த துணி ஒன்றும் நிரப்பும். நான் இதன் பக்கம்தான். ஆனால் இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. இவ்வழியை ஆதரிப்பவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இந்த வழிக்கு எல்லாக் கைகளும் ஒத்துழைக்க வேண்டும். அம்மா காலையில் சூப்பானை அலமாரியில் பூட்டுகிறாள். மதியம் தூங்க மறுக்கும் பிள்ளைக்குப் பார்த்துக்கொள்ளும் அக்கா தன்னிடமுள்ள இன்னொன்றைக் கொடுக்கிறார். சனிக்கிழமை கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் சேலை எடுக்கப் போகும் பாட்டியின் கைப்பையில் மூன்றாவது இருக்கிறது. போதிய நேரம் அழுதால் கிடைக்கும் என்பதைத்தான் பிள்ளை இதில் கற்றுக்கொள்கிறது. இப்படி அரைகுறையாகத் தொடங்குவதற்குத் தொடங்காமலே இருக்கலாம்.

சூப்பானுக்கு விடைகொடுக்கும் விதமும் முக்கியம். கோபன்ஹேகனை ஒட்டிய பிரடெரிக்ஸ்பெர்க் தோட்டத்தில் ஒரு மரம் உண்டு. குழந்தைகள் தம் சூப்பான்களை நாடாவில் கட்டி அதில் தொங்கவிட்டு விடைபெறுவார்கள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இது புரியாது. பேசத் தெரிந்த பிள்ளைக்குப் புரியும். நம் வீட்டில் "காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு" என்று சொல்லும்போது குழந்தை ஒன்றைப் பறிகொடுக்கிறது. அங்கே தன் கையாலேயே கொடுக்கிறது. இந்த வித்தியாசத்தை நாமும் எடுத்துக்கொள்ளலாம், மரமே வேண்டுமென்பதில்லை.

காய்ச்சல், வீடு மாற்றம், தம்பி பிறந்த மாதம், தாஸ்காவில் புதிதாகச் சேர்த்த வாரம் ஆகியவற்றைத் தவிர்த்து நாள் குறியுங்கள். அதற்கு முன் அம்மா, அப்பா, பாட்டி, பார்த்துக்கொள்ளும் அக்கா எல்லோரும் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வாருங்கள். காரிலும் கைப்பையிலும் மிச்சமிருக்கும் சூப்பான்களை முதலில் எடுத்துவிடுங்கள்.